எண்ணிக்கையில் குறைந்தவர் குரல்: டாக்டர் சுப்பராயன் சபையில் நடத்திய பாடம்



தமிழ்நாடு சட்டமன்றத்தில் மொத்தம் 234 உறுப்பினர்கள். அதில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே இரண்டுதான். ஒன்று ஏற்காடு, இன்னொன்று சேந்தமங்கலம். நான் ஏற்காடு மலைக்காரன். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து உங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். அதனால் இந்தக் கணக்கு எனக்கு வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல. ஒரு பக்கம் 2, மறுபக்கம் 232. ஓட்டெடுப்பு என்று வந்தால் இந்த இரண்டு பேரால் என்னதான் செய்ய முடியும்? "ஒண்ணும் செய்ய முடியாது, கையைத் தூக்கிட்டு வர வேண்டியதுதான்" என்று எங்கள் ஊர் டீக்கடையில் சொல்வார்கள். நம்ம ஹாஸ்டலிலும் அதையேதான் சொல்கிறார்கள்.

அது சரிதானா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது நம் பழைய சேலம் மாவட்டத்துக்காரர் ஒருவரின் சட்டசபை வாழ்க்கை. அவர்தான் டாக்டர் பி. சுப்பராயன். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் நம் வயதில் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய பெயர்.

யார் இவர்?

1889 செப்டம்பர் 11-ஆம் தேதி, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். திருச்செங்கோடு இன்று நாமக்கல் மாவட்டம். 1997 வரை அது சேலம் மாவட்டம்தான். சென்னையில் படித்து, பிறகு இங்கிலாந்து போய் ஆக்ஸ்போர்டில் வாதாம் கல்லூரியில் படித்தார். ஆக, இவர் ஏழையும் அல்ல, மலைக்காரரும் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சபையில் இவர் சில முக்கியமான நேரங்களில் எண்ணிக்கையில் குறைந்த பக்கத்தில் நின்றார். அந்த நேரங்களில் என்ன செய்தார் என்பதுதான் நமக்குப் பாடம்.

சுருக்கமாக அவர் வகித்த பொறுப்புகள்: சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி (1926–30), ராஜாஜி அமைச்சரவையில் சட்டம், கல்வித் துறை அமைச்சர் (1937–39), அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறை அமைச்சர், இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதர், ராஜ்யசபா உறுப்பினர், திருச்செங்கோடு லோக்சபா உறுப்பினர், 1959-லிருந்து மத்தியப் போக்குவரத்து அமைச்சர், கடைசியாக மகாராஷ்டிர ஆளுநர். அந்தப் பதவியில் இருக்கும்போதே 1962 அக்டோபர் 6-ஆம் தேதி காலமானார்.

கட்சியே இல்லாத முதல் மந்திரி

1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணங்களில் 'இரட்டையாட்சி' நடந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் மந்திரிகளிடம். போலீஸ், நிதி போன்ற பிடி உள்ள துறைகள் வெள்ளைக்கார ஆளுநரின் நிர்வாக சபையிடம். எளிமையாகச் சொன்னால் ஸ்டீயரிங் ஒருத்தரிடம், பிரேக் இன்னொருத்தரிடம்!

1926 தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் சுயராஜ்யக் கட்சி 41, நீதிக்கட்சி 21 பிடித்தன. பெரிய கட்சியான சுயராஜ்யக் கட்சியோ, இரட்டையாட்சியில் பதவி ஏற்க மாட்டோம் என்று கொள்கையாக மறுத்துவிட்டது. அப்போது ஆளுநர் கோஷன் பிரபு, சுயேச்சையான சுப்பராயனைக் கூப்பிட்டு மந்திரிசபை அமைக்கச் சொன்னார். முதுகுக்குப் பின்னால் கட்சி கிடையாது. நியமன உறுப்பினர்களின் ஆதரவும், அந்தந்த நேரத்தில் யார் ஒத்துழைக்கிறார்களோ அவர்களின் ஆதரவும்தான் பலம். ஆளுநர் தயவில் ஓடிய மந்திரிசபை என்ற விமர்சனம் அன்றே உண்டு. அதில் நியாயமும் உண்டு.

1928-இல் சைமன் கமிஷன் வந்தது. அந்தக் கமிஷனில் ஒரு இந்தியர்கூட இல்லை. அதைப் புறக்கணிப்பதா வரவேற்பதா என்ற தகராறில் இரண்டு மந்திரிகள் ராஜினாமா செய்தார்கள். அவர்கள் இடத்துக்கு எஸ். முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் வந்தார்கள். அந்த முத்தையா முதலியார்தான் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ உத்தரவை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். இன்றைக்கு நம் அட்மிஷன் கவுன்சலிங்கில் பார்க்கிற இடஒதுக்கீட்டுப் பட்டியலுக்கு மூதாதை அந்த உத்தரவுதான்.

அதே காலத்து சபையில்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உறுப்பினராக இருந்து, தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டமும் 1928-இல் இந்த சபையில்தான் நிறைவேறியது. அரைகுறை அதிகாரம் உள்ள சபையில்கூட வேலை நடக்கும் என்பதற்கு இவை சாட்சி.

1932: ஒரு தீர்மானம், ஒரு மசோதா

1930 தேர்தலுக்குப் பின் பதவி போயிற்று. சுப்பராயன் சாதாரண உறுப்பினர் ஆனார். என் கணக்கில் அவருடைய பெரிய வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. கேளப்பன் குருவாயூர்க் கோயிலைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறக்கச் சொல்லி உண்ணாவிரதம் இருந்தார். நாடு முழுக்க இதே பேச்சு. அந்த நவம்பரில் சுப்பராயன் சென்னை சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கோயில் நுழைவுக்கு வழி செய்ய அரசு சட்டம் இயற்ற வேண்டும் என்பது அதன் சாரம். சபை ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். தீர்மானம் என்பது சபையின் கருத்து. அது அரசைக் கட்டுப்படுத்தாது. மசோதா என்பது சட்டத்தின் வரைவு. நிறைவேறி ஒப்புதல் கிடைத்துவிட்டால் அது எல்லாரையும் கட்டுப்படுத்தும். நம்ம பாஷையில் சொன்னால், தீர்மானம் என்பது "இந்த இடத்தில் பாலம் வேண்டும்" என்ற மனு. மசோதா என்பது பாலத்தின் டிராயிங்.

சுப்பராயன் மனுவோடு நிற்கவில்லை, டிராயிங்கையும் போட்டார். ஒரு கோயிலில் வழிபடும் பகுதி இந்துக்களில் பெரும்பான்மையோர் சம்மதித்தால் அந்தக் கோயிலை எல்லாருக்கும் திறக்கலாம் என்று வகை செய்யும் மசோதா அது. இன்று படித்தால் ரொம்ப மிதமாகத் தெரியும். 'உள்ளே நுழைவது ஒருவன் உரிமை என்றால் அடுத்தவன் ஓட்டு எதற்கு?' என்று நாம் கேட்போம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மிதமான மசோதாவுக்கே கதவு திறக்கவில்லை. இந்த மாதிரி மசோதாவை மாகாண சபையில் கொண்டுவர வைஸ்ராயின் முன் அனுமதி வேண்டும். 1933 ஜனவரியில் வைஸ்ராய் வில்லிங்டன் அனுமதி மறுத்துவிட்டார். இது ஒரு மாகாணத்தின் விஷயம் அல்ல, இந்தியா முழுமைக்குமான விஷயம் என்பது சொன்ன காரணம். மத்திய சட்டசபையில் ரங்க ஐயர் கொண்டுவந்த மசோதாவுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதுவும் 1934-இல் திரும்பப் பெறப்பட்டது.

ஆக, பெரிய தோல்வி. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1936-இல் திருவிதாங்கூர் பிரகடனம். 1938-இல் மலபார் கோயில் நுழைவுச் சட்டம். 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு நுழைந்தார். அதற்குப் பாதுகாப்பாக அந்த ஆண்டே ஒரு சட்டம் வந்தது. 1947-இல் மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் வந்தது. 1932-இல் சபையில் பேசியது சட்டமாகப் பதினைந்து வருஷம் ஆனது. கோயில் வாசலில் நின்ற மக்களின் போராட்டம்தான் இதற்கு முதல் காரணம். அந்தப் போராட்டத்துக்குச் சட்ட வடிவம் எப்படி இருக்கலாம் என்று முதலிலேயே சபைக் குறிப்பில் ஏற்றி வைத்தவர்களில் சுப்பராயன் ஒருவர்.

நாணயத்தின் மறுபக்கம்

ஒரு தலைவரைப் பற்றி எழுதினால் பாராட்டு மட்டுமே எழுதுவது நம் மலர்களின் வழக்கம். நான் அப்படி எழுதினால் அது படிப்பு ஆகாது.

1937-இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்தது. சுப்பராயன் கல்வி அமைச்சர். 1938-இல் பள்ளிகளில் ஹிந்தி கட்டாயமாக்கப்பட்டது. தமிழ்நாடே கொதித்தது. சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர் இழந்தார்கள். கடைசியில் 1940 பிப்ரவரியில், அமைச்சரவை விலகிய பிறகு, அந்த உத்தரவு கைவிடப்பட்டது. உத்தரவு வந்தபோது கல்வி இலாகா சுப்பராயனிடம் இருந்தது என்பதை மறைக்க முடியாது.

அதே 1938-இல் எம்.சி. ராஜா ஒரு கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் அவர்களில் ஒருவரே கொண்டுவந்த மசோதா! ராஜாஜி அமைச்சரவை அதை ஆதரிக்கவில்லை. மசோதா தோற்றது. 1932-இல் எதிர்வரிசையில் இருந்து கதவைத் தட்டியவர், 1938-இல் கதவை மூடிய அமைச்சரவையில் இருந்தார். பெரும்பான்மை வரிசையில் உட்கார்ந்தால் யாருக்கும் காது கொஞ்சம் மந்தமாகிவிடும் போலிருக்கிறது.

1956: மாற்றுக் குறிப்பு

இனிதான் முக்கியமான கட்டம். அரசியல் சட்டத்தின்படி 1965 ஜனவரி 26 வரை மத்திய அரசு வேலைகளில் ஆங்கிலம் தொடரும். அதற்குப் பின் ஹிந்தி. இந்த மாற்றத்தை எப்படிச் செய்வது என்று ஆராய 1955-இல் பி.ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழிக் கமிஷன் அமைத்தார்கள். 21 பேர் கொண்ட அந்தக் கமிஷனில் தமிழகத்திலிருந்து சுப்பராயன் இருந்தார்.

1956-இல் அறிக்கை தயாரானது. ஹிந்தியை நோக்கி நகர வேண்டும் என்பதே பெரும்பான்மை அறிக்கையின் போக்கு. அதை ஏற்காமல் எழுதிய குறிப்புகளில் நாடு முழுக்கப் பேசப்பட்டவை இரண்டு. ஒன்று வங்காளத்து மொழியறிஞர் சுநீதி குமார் சாட்டர்ஜியுடையது. மற்றொன்று நம் சுப்பராயனுடையது. ஹிந்தி பேசாத மக்களுக்கு இது பாதகமாக முடியும், அவசரப்படக் கூடாது, ஆங்கிலம் தொடர வேண்டும் என்பது இவர்கள் வாதம்.

1938-இல் கல்வி அமைச்சராக இருந்தவரா இதை எழுதினார் என்று கேட்கத் தோன்றும். ஆமாம், அவரேதான். அவர் மனதில் என்ன மாற்றம் நடந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. குறிப்பு இருக்கிறது, அதுதான் விஷயம்.

கையைத் தூக்கி ஓட்டுப் போட்டுத் தோற்றிருந்தால் ஒரு எண்ணிக்கையோடு முடிந்திருக்கும். எழுதி வைத்ததால் அது அறிக்கையோடு சேர்ந்து நாடாளுமன்றத்துக்குப் போனது. அறிக்கையைப் படிக்கிறவர் அதையும் படித்தாக வேண்டும். பின்னால் நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள்:

1959 ஆகஸ்ட் 7: ஹிந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று பிரதமர் நேரு லோக்சபாவில் உறுதி கொடுத்தார்.

1963: ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. ஆங்கிலம் 'தொடரலாம்' என்றுதான் அதில் இருந்தது, 'தொடர வேண்டும்' என்று இல்லை. இந்த ஒரு சொல் போதாது என்று ராஜ்யசபாவில் அறிஞர் அண்ணா வாதாடினார். அதைக் கேட்கச் சுப்பராயன் உயிரோடு இல்லை.

1965: தமிழகத்தில் மாணவர் போராட்டம். நம் வயதுப் பிள்ளைகள்தான் முன்னணியில் நின்றார்கள்.

1967: நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஹிந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டசபைகள் எல்லாம் தீர்மானம் போட்டு, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டால்தான் ஆங்கிலத்தை நிறுத்த முடியும்.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள் நண்பர்களே. அந்த மாநிலங்களில் ஒரே ஒரு சட்டசபை மறுத்தாலும் போதும், நிறுத்த முடியாது! எண்ணிக்கையில் குறைந்தவனுக்குச் சட்டத்துக்குள்ளேயே ஒரு தாழ்ப்பாள் கொடுத்திருக்கிறார்கள். இது சுப்பராயன் ஒருவரால் வந்தது என்று நான் சொல்லவில்லை. தெருவில் உயிர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அபாயத்தை அரசாங்க அறிக்கைக்குள்ளேயே எழுதி வைத்தவர்களில் அவர் ஒருவர்.

இதில் நமக்கு நேரடி லாபமும் உண்டு. டிப்ளமோ முடித்து ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கு அப்ளிகேஷன் போடும்போது எந்த மொழியில் கேள்வித்தாள் வேண்டும் என்று கேட்பார்கள். அதில் ஆங்கிலமும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. மொழிப் பிரச்சினை சோற்றுப் பிரச்சினையும்தான் என்பதை அந்த ஒரு கட்டம் சொல்லும்.

ஒரே வீடு, எதிரெதிர் வரிசை

சுப்பராயன் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மனைவி ராதாபாய் 1930-இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர். 1938-இல் மத்திய 'கவுன்சில் ஆஃப் ஸ்டேட்' சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி. ஒரு மகன் தரைப்படைத் தளபதி ஜெனரல் குமாரமங்கலம். இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலம் மத்திய எஃகுத்துறை அமைச்சர். பேரன் ரங்கராஜன் குமாரமங்கலம் சேலம் தொகுதியிலிருந்து மூன்று முறை லோக்சபாவுக்குப் போனவர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மகள் பார்வதி கிருஷ்ணன் கதை. அவர் கம்யூனிஸ்ட். 1954 முதல் 57 வரை அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் ராஜ்யசபாவில். 1957-இல் இருவரும் லோக்சபாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அப்பா திருச்செங்கோட்டில் காங்கிரஸ், மகள் கோவையில் கம்யூனிஸ்ட். 1959-க்குப் பின் அப்பா மந்திரி வரிசையில், மகள் எதிர்வரிசையில்! கருத்து வேறு, உறவு வேறு. நம்ம ஹாஸ்டலில் தேர்தல் முடிந்த பிறகு ஒரு மாதம் பேசாமல் இருக்கிறோமே, அவர்கள் இதை யோசிக்கலாம்.

இதில் எங்கள் மலைக்கு என்ன?

1820-களில் எம்.டி. காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தபோது சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது. காட்டையும் நிலத்தையும் பற்றிய முடிவுகள் கலெக்டர் ஆபீசில் எடுக்கப்பட்டன. மலைக்காரர் சார்பில் பேச அன்று ஒரு சபையே கிடையாது. இன்று ஒரு தொகுதி இருக்கிறது. அதிலும் மலை மட்டும் இல்லை, கீழ்நாட்டு ஊர்களும் சேர்ந்தே இருக்கின்றன.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்று ஒரு பெயர் உண்டு. கேரளத்துக்காரர் அல்ல, மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் எங்கள் சனங்களின் பெயர். அந்தப் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் மாவட்டங்களும் எழுதியிருக்கிறார்கள்: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோடு பக்கத்துப் பர்கூர் மலையில் இதே பெயரோடு வாழ்கிற மக்கள் அந்த அடைப்புக்குறிக்குள் வரவில்லை. அதனால் அங்கே பிறந்த பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடையாது. ஸ்காலர்ஷிப்பும் கிடையாது, கோட்டாவும் கிடையாது. தங்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. அரசியல் சட்டத்தின் 342-ஆம் பிரிவுப்படி அந்தப் பட்டியலைத் திருத்த நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். ஒரு அடைப்புக்குறி ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கிறது! அதை மாற்ற டெல்லி சபையில் யாராவது எழுந்து பேசியாக வேண்டும், எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

பேசினால் நடந்துவிடுமா? உடனே நடக்காது. லோக்சபாவில் தனி உறுப்பினர் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் நேரம் ஒதுக்குகிறார்கள். சுதந்திரத்துக்குப் பின் அப்படி வந்த மசோதாக்களில் சட்டமானவை 14-தான். கடைசியாக ஆனது 1970-இல். ஆனால் 2015-இல் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதாவை ராஜ்யசபா நிறைவேற்றியது. லோக்சபாவில் அது நிறைவேறவில்லை. பிறகு அரசே தன் பங்குக்கு ஒரு மசோதா கொண்டுவந்து 2019-இல் சட்டமானது. அந்தச் சட்டத்தின் மீது குறைகள் சொல்கிறார்கள், அது வேறு விவாதம். ஆனால் தனி ஒருவர் எழுதியது அரசை எழுத வைத்தது என்பது உண்மை.

நாம் என்ன செய்யலாம்?

நம் மாணவர் பேரவையிலும் பெரும்பான்மை, சிறுபான்மை உண்டு. மெக்கானிக்கல் பிரிவில் ஆள் அதிகம். சில பிரிவுகளில் ஒரு வேன் நிறைய ஆள் இருந்தால் பெரிசு. மாணவிகள் குறைவு. மலையிலிருந்து வருகிற எங்களைப் போன்றவர்கள் இன்னும் குறைவு. மாலை லேப் நேரத்தை மாற்றினால் பெரும்பாலானவர்களுக்கு வசதிதான். ஆனால் மலைக்குக் கடைசி பஸ் பிடிக்கிறவனுக்கு அது பெரிய பிரச்சினை. கை தூக்கச் சொன்னால் அவன் தோற்பான். தோற்கட்டும். அவன் சொன்ன காரணம் எங்கேயாவது பதிவாகிறதா என்பதுதான் என் கேள்வி.

லேபில் பத்துப் பேர் ரீடிங் ஒன்றாகவும் ஒருவன் ரீடிங் வேறாகவும் வந்தால், நல்ல ஆசிரியர் என்ன சொல்வார்? "அதை அடிச்சிடாதே, அப்படியே எழுது, ஏன்னு பார்ப்போம்" என்பார். சபைக்கும் அதே விதிதான்.

ஆகவே வருகிற பேரவைக்கு என் பணிவான யோசனைகள் மூன்று. ஒன்று, கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டில் தீர்மானத்தோடு மாற்றுக் கருத்தையும் அவரவர் காரணத்தோடு எழுத வேண்டும். இரண்டு, ஒவ்வொரு கூட்டத்திலும் கால் மணி நேரம் கேள்வி நேரமாக ஒதுக்க வேண்டும். எந்தப் பிரிவு மாணவரும் கேட்கலாம், நிர்வாகிகள் பதில் சொல்ல வேண்டும். மூன்று, புது நிர்வாகிகள் பொறுப்பேற்றதும் பழைய குறிப்பேட்டைப் படித்து, போன வருஷம் தோற்ற யோசனைகளில் இன்று எது சரியாகப் படுகிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது யோசனைதான் எனக்கு முக்கியம். சுப்பராயனின் 1932 மசோதாவையும் 1956 குறிப்பையும் யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்டிருந்தால் அவை செல்லரித்த காகிதம்தான். பின்னால் வந்தவர்கள் படித்தார்கள், வாதாடினார்கள், போராடினார்கள். எழுதுவது ஒருவர் வேலை, எடுத்துப் படிப்பது அடுத்தவர் வேலை. இரண்டும் நடந்தால் 232-க்கு முன்னால் நிற்கிற 2 பேரும் தனி ஆள் அல்ல.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தை நம் வகுப்பே ஆரம்பித்து வைக்கட்டும்.

மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் பிரிவு